தெளிந்த நீரா, கலங்கிய நீரா?

அன்புள்ள இளம் பொறியாளருக்கு,

சுரங்க ஆலையில் தாதுவைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் நுண்ணிய சேற்றைத் தேக்கிவைக்கும் சிறிய மண்கரை ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கோப்பில் டெய்லிங்ஸ் அணை என்று எழுதுவார்கள். களத்தில் வெறும் ‘பாண்ட்’தான். உயரம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கலாம். பெரிய அணைகளுக்கான சர்வதேச ஆணையம் பொதுவாக 15 மீட்டரிலிருந்துதான் பெரிய அணை என்று கணக்கில் எடுக்கிறது. ஆகவே உங்கள் கரையைப் பற்றிக் கேட்க ஆள் குறைவு. அப்படிச் சரியாகக் கவனிக்காமல் விட்ட ஒரு கரையின் கதையை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வடக்கு இத்தாலியில், ட்ரென்டினோ பகுதியில் இருக்கிறது ஸ்தாவா பள்ளத்தாக்கு. அங்கே ஃப்ளோரைட் சுரங்கத்தின் கழிவுக்காக மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தேக்கங்கள் கட்டியிருந்தார்கள். மேல் கரையின் ஒரு பகுதி, கீழ்த் தேக்கத்தில் படிந்து இன்னும் இறுகாத சேற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. 1985 ஜூலை 19 நண்பகலில் மேல் கரை சரிந்து கீழ்த் தேக்கத்தில் விழுந்தது. அந்தப் பாரத்தில் கீழ்க் கரையும் உடைந்தது. சுமார் 1,80,000 கன மீட்டர் சேறு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. 268 பேர் இறந்தார்கள். மூன்று ஹோட்டல்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளும் இருந்த இடம் தெரியாமல் போயின.

கரை முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் வடிகுழாய்க் கோளாறால் மேல் கரையில் ஒரு பகுதி சரிந்தது. சரிந்த இடத்தில் பிறகு நீர் கசிந்தது. கோடை தொடங்கும் வேளையில் கீழ்த் தேக்கத்தின் வடிகுழாய் பழுதாகிச் சேற்றில் பள்ளம் விழுந்தது. குழாயைச் சரிசெய்து, இரண்டு தேக்கங்களையும் மறுபடி நிரப்பி, ஜூலை 15 அன்று வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த நான்காம் நாள் எல்லாம் முடிந்தது.

அதைவிட நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்று உண்டு. 1974-இலேயே உள்ளூர் நகராட்சி, இந்தக் கரை பத்திரமானதா என்று கேட்டிருந்தது. சோதிக்கும் வேலை, சுரங்கத்தை நடத்திய நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. கரையின் சரிவு அளவுக்கு மீறிச் செங்குத்தாக இருக்கிறது, அதன் உறுதி விளிம்பில் நிற்கிறது என்று சோதனையில் தெரிந்தது. இருந்தும் ஊருக்குப் போன பதில், ‘பயமில்லை’ என்பதே. கரையை மேலும் உயர்த்தவும் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவது நீர். ஈரமான கழிவுச் சேற்றில் மணல் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்கும்வரை அது நிலமாக நிற்கும். இடைவெளிகளில் நீரின் அழுத்தம் ஏறினால் துகள்களின் பிடி தளரும். எடையை நீர் சுமக்கத் தொடங்கும். அதற்குமேல் சிறு அசைவு போதும், கரை கூழாகி ஓடும். பழைய சேற்றின்மேலேயே உள்நோக்கி ஏறி ஏறிக் கரை எழுப்பும் மலிவான முறை இதனால்தான் ஆபத்தானது. 1965 நிலநடுக்கத்தில் சிலியின் எல் கோப்ரே கரைகள் உடைந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு அந்நாடு அந்த முறையைத் தடை செய்தது. பிரேசிலில் அந்தத் தடை வர, 2019-இல் ப்ரூமாஜின்யோ கரை உடைந்து 270 பேர் சாக வேண்டியிருந்தது. அந்தக் கரையில் கழிவு கொட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கொட்டுவதை நிறுத்தினாலும் உள்ளே நீர் இருக்கும்வரை கரைக்கு ஓய்வில்லை.

ஆகவே காலையில் முதல் வேலை, கரையின் அடிவாரத்தில் நடப்பது. ஜீப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. இறங்கித்தான் நடக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். வடிகால் வாயில் விழும் நீரைப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கியிருந்தால், கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு அந்த நொடியே மேலே தகவல் சொல்லுங்கள். கசிவு திடீரென நின்றுபோனாலும் மகிழ வேண்டாம். வடிகால் அடைத்திருக்கும், நீர் வேறு வழி தேடும். கோடையில் சுற்றிலும் காய்ந்து கிடக்க ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அங்கே நின்று பாருங்கள். எலி வளை, வேர்விட்ட மரம், கரைமேல் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு எதையும் ‘சின்ன விஷயம்’ என்று ஒதுக்காதீர்கள். கரைக்குள் நீரழுத்தத்தைக் காட்டும் பீசோமீட்டர் அளவுகளை வரைபடத்தில் குறித்து, போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். வெறும் எண்ணாக ஃபைலில் தூங்கினால் அதனால் பயனில்லை.

பிறகு கரைமேல் ஏறி, உள்ளே தேங்கிய நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் மெரீஸ்ப்ரூட்டில் 31 மீட்டர் உயரக் கரை இருந்தது. தேங்கிய நீர், அதை வெளியேற்றும் வடிகோபுரத்தை விட்டு விலகிக் கரையை ஒட்டி நின்றது. நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை. 1994 பிப்ரவரி 22 அன்று சுமார் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நீர் கரையைத் தாண்டி வழிந்து அரித்தது. அன்றிரவு ஏறத்தாழ 6,00,000 கன மீட்டர் சேறு குடியிருப்புக்குள் புகுந்து 17 உயிர்களைக் கொண்டுபோனது. கிட்டத்தட்ட 320 மீட்டர் தொலைவிலேயே வீடுகள் இருந்தன.

கரைக்குக் கீழே, சேறு ஓடக்கூடிய தடத்தில் ஒரு நாள் நடந்துபோய்ப் பாருங்கள். யார் வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் எங்கே, உங்கள் ஆட்கள் சாப்பிடும் இடம் எங்கே என்று குறியுங்கள். ப்ரூமாஜின்யோவில் தொழிலாளர் உணவகம் கரைக்கு நேர் கீழே இருந்தது. கரை உடைந்தது மதிய உணவு வேளையில்.

கடைசியாக, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கரையில் கோளாறு தெரிந்தால், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் சேறு அனுப்பும் பம்ப்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அது உங்களுக்கு வேண்டும். நீங்கள் இல்லாத ஷிப்டில் களத்தில் இருப்பவருக்கும் வேண்டும். அந்தத் தாள் பம்ப் அறைச் சுவரில், கிராமத்தாரின் தொலைபேசி எண்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். மழைக்காலம் தொடங்குமுன் இது முடிந்துவிட வேண்டும்.