கமரா உணரியும் தொடர்பாடற் பாட்டையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்

மாணவர்களே, இரு சாதனங்களை வயரினால் இணைத்துவிட்டால் அவை தாமாகவே தொடர்பாடும் எனப் பலர் எண்ணுவர். இது தவறான எண்ணமாகும். இதற்கான காரணத்தைப் பின்வரும் சந்தர்ப்பத்தின் மூலம் கற்போம். துவித, பதினறும எண் மாற்றங்கள் இங்கு அவசியம் என்பதால் தாளும் பென்சிலும் அருகில் இருக்கட்டும்.

சந்தர்ப்பம்

கீரிமலைக் கடற்கரையில் நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்ய ஒரு மாணவர் குழு விரும்புகிறது எனக் கொள்வோம். நீரில் நிறுத்திய அளவுகோலை ஒரு சிறிய கமரா படம் பிடிக்க வேண்டும். கேணியில் நீராடுவோர் படத்தில் விழாதவாறு கமரா அளவுகோலை மாத்திரம் நோக்கியுள்ளது. ஓவி 7670 என்னும் கமரா உணரி ஒரு நுண்கட்டுப்படுத்தியுடன் இணைக்கப்பட்டது. மின் வழங்கலும் வயர்களும் சரி. தரவுத்தாளில் இருந்த 42 (பதினறுமம்) என்னும் முகவரியைச் செய்நிரலில் எழுதினர். ஆனால் உணரி பதிலளிக்கவில்லை. ஏன்?

1. அடிப்படைச் சொற்கள்

பாட்டை: சாதனங்களிடையே தரவுகளைக் கொண்டு செல்லும் பொதுவான வழி.

உட்பொதிந்த முறைமை: குறித்த ஒரு வேலைக்கென ஒரு சாதனத்தினுள் அமைக்கப்பட்ட கணினி முறைமை.

சாதனச் செலுத்தி: வன்பொருளுடன் அதற்குரிய முறையில் தொடர்பாடும் மென்பொருள்.

2. ஏன் இரு பாதைகள்?

கமரா உணரிக்குக் கட்டளை செல்ல ஒரு பாதையும், படம் வெளிவர வேறொரு பாதையும் உண்டு. ஐ2சி என்னும் பாட்டையை 1982 இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இதில் தரவுக்கு ஒன்று, கடிகாரத் துடிப்புக்கு ஒன்று என இரு கம்பிகளே உள்ளன. இதனைப் போன்ற மெதுவான பாட்டை கட்டளைகளுக்குப் போதும். படத்துக்குப் போதுமா?

ஒரு படம் = 640 × 480 படமூலங்கள் × 2 பைற்று = 614,400 பைற்று

ஐ2சி பாட்டையில் ஒரு பைற்றுக்கு 9 துடிப்புகள் தேவை. செக்கனுக்கு 400,000 துடிப்புகள் எனின்,

நேரம் = 614,400 × 9 ÷ 400,000 = ஏறத்தாழ 13.8 செக்கன்

இவ்வுணரியோ செக்கனுக்கு 30 படங்கள் வரை தரவல்லது. எனவே படத்தரவு 8 கம்பிகளில் சமாந்தரமாக அனுப்பப்படுகிறது.

3. முகவரி பொருந்துதல்

தரவுத்தாளில் உள்ள 42 ஒரு முழுப் பைற்று ஆகும். துவிதத்தில் அது 0100 0010. இதன் கடைசிப் பிற்று 0 எனின் எழுதுதல், 1 எனின் வாசித்தல். ஆகவே வாசிக்கும்போது அது 43 ஆகிறது. உண்மையான முகவரி முதல் 7 பிற்றுகளே: 0100001, அதாவது பதினறுமம் 21.

பல சாதனச் செலுத்திகள் 7 பிற்று முகவரியையே எதிர்பார்க்கின்றன. கடைசிப் பிற்றை அவையே சேர்க்கும். 42 ஐக் கொடுத்தால் அது இடப்புறம் நகர்ந்து 1000 0100, அதாவது 84 ஆகிவிடும். அந்த முகவரியில் யாரும் இல்லை! நமது குழுவின் தவறு இதுவே.

4. நெறிமுறை பொருந்துதல்

ஆசிரியர் இடாப்பு அழைக்கும்போது ஒவ்வொரு மாணவரும் குரல் கொடுப்பது போல, ஐ2சி பாட்டையில் ஒவ்வொரு பைற்றையும் பெற்ற சாதனம் 9 ஆவது துடிப்பில் "பெற்றேன்" எனத் தெரிவிக்கும். ஓவி 7670 பின்பற்றுவது எஸ்.சி.சி.பி. என்னும் நெருங்கிய, ஆனால் வேறான நெறிமுறை. அதில் 9 ஆவது பிற்று கவனிக்கப்படுவதில்லை. மாணவர் வகுப்பில் இருந்தும் குரல் கொடுக்காமல் இருக்கலாம். பதில் இல்லை என்பதை வழு எனக் கருதும் செலுத்தி அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

வாசிக்கும்போதும் வேறுபாடு உண்டு. எஸ்.சி.சி.பி. முறையில் பதிவகத்தின் எண்ணை அனுப்பி, நிறுத்தி, பின்னர் புதிதாகத் தொடங்கியே வாசிக்க வேண்டும்.

5. உண்மை உதாரணம்

"ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி" திட்டத்தின் எக்ஸ்.ஓ-1 கணினியில் இருந்ததும் இதே உணரிதான். இலங்கையிலும் 2009 இல் சில ஆரம்பப் பாடசாலைகளுக்கு எக்ஸ்.ஓ கணினிகள் பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டன. இவ்வுணரிக்கான லினக்ஸ் சாதனச் செலுத்தியை 2006 இல் ஜொனதன் கோர்பெற் எழுதினார். எக்ஸ்.ஓ-1 இன் பாட்டைக் கட்டுப்படுத்தி எஸ்.எம். பஸ் என்னும் முறையை மாத்திரமே அறியும். உணரியோ உண்மையில் எஸ்.எம். பஸ் சாதனம் அல்ல. எனவே தொடர்பாடல் எப்போதும் முழு நம்பகமாக இருக்கவில்லை. பின்னர் அச்செலுத்தியில் இரு வழிகள் அமைக்கப்பட்டன: எக்ஸ்.ஓ-1 க்கு எஸ்.எம். பஸ், ஏனையவற்றுக்கு ஐ2சி. உணரி ஒன்றே, கணினிக்கேற்பச் செலுத்தி மாறியது.

ஞாபகத்திற் கொள்க

மின்னழுத்தம், முகவரி, நெறிமுறை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். 5 வோல்ற்றுச் சைகையை இவ்வுணரிக்கு நேரடியாகக் கொடுத்தால் அது பழுதடையலாம்.

மாதிரி வினா

ஓவி 7670 இன் 0A என்னும் பதிவகத்தை வாசித்தால் பதினறுமம் 76 கிடைக்க வேண்டும்.
(அ) 76 ஐத் துவிதத்திலும் தசமத்திலும் தருக.
(ஆ) இப்பதிவகத்தை முதலில் வாசிப்பதன் பயன் யாது?

விடை

(அ) 0111 0110; 7 × 16 + 6 = 118.
(ஆ) சரியான உணரி இணைந்துள்ளதையும் முகவரியும் நெறிமுறையும் பொருந்துவதையும், படம் எடுக்க முன்னரே உறுதி செய்யலாம்.