பாதரசம்: பயனும் நஞ்சும்

உலோகம் என்றதும் இரும்பு, செம்பு போன்ற திண்மப் பொருள்களே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கு மாறாக, நீர்போல் ஓடும் உலோகம் பாதரசம். இதன் அணு எண் 80. உருகுநிலை -38.8° செ.; கொதிநிலை 357° செ. நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. இலிங்கம் எனப்படும் செந்நிறத் தாதுவைக் காற்றில் வறுத்து, வெளிவரும் ஆவியைக் குளிரவைத்து இதனைப் பெறுகின்றனர்.

கண்ணாடியில் ஒட்டாமலும், சூட்டினால் சீராக விரிந்தும் செல்வதால் வெப்பமானியில் இது இடம்பெற்றது. 1643-இல் டாரிசெல்லி காற்றழுத்தத்தை அறியப் பாதரசத்தையே கையாண்டார். நீராயின் பத்து மீட்டருக்கு மேல் நிற்கும். பாதரசமோ 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். பொன்னும் வெள்ளியும் இதனுடன் கூடி இரசக்கலவையாகும். இரும்பு கூடாது, ஆகவே இரும்புக் குடுவைகளில் இதனைச் சேமிப்பர்.

இனி நச்சுத்தன்மையைக் காண்போம். வெப்பமானி உடைந்தால் சிதறிய வெள்ளிக் குண்டுகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடும் நண்பர்களை நான் கண்டிருக்கிறேன். "விழுங்கினால்தானே ஆபத்து?" என்பர். உண்மை வேறு. விழுங்கிய நீர்மப் பாதரசம் பெரும்பாலும் குடலில் உட்கொள்ளப்படாமல் வெளியேறிவிடும். ஆனால், அறை வெப்பத்திலேயே எழும் அதன் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசித்த ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் தங்கி, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கரிமச் சேர்மங்கள் இன்னும் கொடியவை. ஜப்பானின் மினமாட்டா நகரில் ஓர் ஆலைக் கழிவிலிருந்த மெதில் மெர்க்குரி கடல் மீன்களில் சேர்ந்தது. அம்மீனை உண்ட பூனைகள் வலிப்புற்று மாண்டன. மனிதர் கை கால் நடுங்கி, பார்வையும் பேச்சும் குன்றினர். 1956-இல் நோய் வெளிப்பட்டது. கழிவு நின்றதோ 1968-இல்தான். 1996-இல் அமெரிக்க வேதியியல் பேராசிரியை காரென் வெட்டர்ஹானின் கையுறைமீது டைமெதில் மெர்க்குரி சில துளிகள் சிந்தின. அவை கையுறையை ஊடுருவின. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

ஆகவே, பாதரசம் எந்த வடிவில் உள்ளது என்பதே அதன் நஞ்சின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அது சிந்தினால் சன்னல்களைத் திறப்போம். துடைப்பத்தால் பெருக்காமல் தடித்த தாளால் திரட்டி, மூடியுள்ள புட்டியில் இடுவோம். இடுக்குகளில் கந்தகத்தூள் தூவுவோம். கழுவுதொட்டியில் ஒருபோதும் கொட்டோம். உடனே ஆசிரியரிடம் தெரிவிப்போம். உடைந்த வெப்பமானிக்குரிய தொகைக்கு அஞ்சி மறைப்பதைவிட, உடன் பயில்வோரின் நலம் பெரிதன்றோ!