நாய்க்குட்டிக்குச் சோறு வைக்கப் போகிற பிள்ளைகளுக்கு

கார்த்திகை, மார்கழியில் எங்கள் சேலியமேட்டில் தெருவுக்கு ஒரு நாயாவது குட்டி போட்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் சட்டைக்குள் ஒரு குட்டியை மறைத்துக்கொண்டு பிள்ளைகள் என் திண்ணைக்கு வருவார்கள். "தாத்தா, இதுக்கு என்ன குடுக்கறது?" என்பதுதான் முதல் கேள்வி. நாற்பது வருடமாக நாய் வளர்க்கிறேன். வாயால் சொன்னதை இப்போது எழுதியும் வைக்கிறேன். குட்டிக்கு வயிறு நிறைவது ஒன்று, எலும்பு வளர்வது வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு குட்டியின் கால்கள் வளைய வேண்டியிருந்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

1. எட்டு வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து எடுக்காதீர்கள். பிறந்த முதல் நாளில் குடிக்கிற சீம்பால்தான் அதற்கு முதல் தடுப்பு மருந்து. கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி தெரிந்துகொள்ளும். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. "இப்பவே எடுத்தாத்தான் பழகும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

2. தாய் இல்லாத குட்டி கைக்கு வந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து வர, தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது என் பேத்தி கண் திறக்காத மூன்று குட்டிகளை ஈரத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தாள். தொட்டால் ஈர மண்ணைத் தொட்டது போல இருந்தது. அவள் பாலைக் காய்ச்ச ஓடினாள். நான் விடவில்லை. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் அப்படியே தங்கிக் கெட்டுவிடும். துடைத்துவிட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து உள்ளங்கைக்குள் நெளிந்து, மூக்கால் விரலைத் தேட ஆரம்பித்தன. அப்போதுதான் பால்.

பாலூட்டும்போது குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும், தாயிடம் குடிப்பது போலவே. நம் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கடையில் வாங்கும் பாண்லே பாலானாலும் வீட்டு மாட்டுப் பாலானாலும் குட்டிக்கு அது சரிப்படாது. நாய்ப் பாலில் புரதமும் கொழுப்பும் மாட்டுப் பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு, பால் சர்க்கரை குறைவு. மாட்டுப் பாலைக் குடித்தால் சத்தும் போதாது, வயிற்றாலும் போகும். நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. அதை வாங்கி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும் எழுந்து கொடுங்கள். ஒவ்வொரு தரமும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் அந்த வயதுக் குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது. எங்கள் மூன்றில் இரண்டு பிழைத்தன.

3. மூன்று வாரத்தில் பால் பல் முளைக்கத் தொடங்கும். அதிலிருந்து நாலாம் வாரத்துக்குள் கூழ் போலக் குழைத்த உணவைத் தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் அதன்மேல் நடக்கும், பிறகு காலை நக்கும், அப்படியே சாப்பிடப் பழகிவிடும்.

4. குட்டியைக் கொடுத்தவர் வீட்டில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு வாருங்கள். முதல் சில நாள் அதையே கொடுத்து, பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் உணவுக்கு மாற்றுங்கள்.

5. என்ன வைப்பது? நம் ஊரில் நாய்க்குப் பழைய சோறும் கஞ்சியும்தான் வழக்கம். வளர்ந்த நாய் அதைத் தின்று, வயல்காட்டில் எலியும் பிடித்துத் தின்று சமாளித்துவிடும். கட்டிப்போட்ட குட்டி எங்கே போகும்? குழைய வடித்த சோறு பாதி என்றால் மற்ற பாதி கோழிக்கறி, முட்டை, மீன் என்று இருக்கட்டும். முட்டையை வேகவைத்தே கொடுங்கள். பன்னித்திட்டு, நரம்பை கடற்கரையிலிருந்து பச்சை நெத்தி­லி வரும் நாளில் ஒரு கை வாங்கி, உப்புப் போடாமல் நன்றாக வேகவைத்து, முள்ளோடு மசித்துச் சோற்றில் பிசையுங்கள். அந்த முள் மிருதுவானது, அதில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பூசணியோ கேரட்டோ ஒரு துண்டு போதும். கடையில் உணவு வாங்குகிறவர்கள் பையில் குட்டிக்கானது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரிய உடம்புக்காரக் குட்டி என்றால் பெரிய இனத்துக் குட்டிக்கானதையே கேளுங்கள்.

6. இனி என் சிப்பிப்பாறைக் குட்டியின் கதை. தெற்கேயிருந்து ஆசைப்பட்டு வாங்கிவந்தேன். பாலும் சோறும் கொடுத்தேன். கையில் காசு ஓடிய காலம் அது, பாகூர்க் கடையில் எலும்பில்லாத கறியாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்தேன். நாலாம் மாதம் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்தன. திண்ணைப் படியில் ஏற முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மருத்துவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ஏறக்குறைய இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுத்துக்கொள்ளும். நான் வைத்த கறி குட்டியின் எலும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடிக் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். அது இன்னொரு பள்ளம். மிஞ்சிய கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளும் திறன் சின்னக் குட்டியின் குடலுக்கு இன்னும் வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய இனத்துக் குட்டிக்கு மூட்டும் எலும்பும் கோணுவதற்கு அதுவே காரணமாகும். குட்டிக்கென்று தயாரித்த முழு உணவு கொடுத்தால் டானிக் தேவையே இல்லை. வீட்டுச் சாப்பாடு என்றால் குட்டியின் எடையைப் பார்த்து எவ்வளவு என்று மருத்துவர் எழுதித் தரட்டும். கேழ்வரகுக் கூழ் போதாதா என்று கேட்பார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றுக்குப் பதிலாக வையுங்கள், மருந்துக்குப் பதிலாக நம்பாதீர்கள்.

7. மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. கால் மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

8. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது, விரல் வைத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். கொழுகொழுவென்று இருப்பதுதான் ஆரோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள், வளரும் மூட்டுக்கு அந்தச் சதை சுமை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் ஒல்லியாகவே வளர வேண்டிய இனங்கள். விலா தெரிந்து வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் அது சோறு அல்ல, பூச்சி. நாக்குப்பூச்சி தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால் இரண்டாம் வாரத்திலிருந்தே இரு வாரத்துக்கு ஒரு தரம், எட்டு வாரத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பூச்சி இருக்கிற வரைக்கும் நீங்கள் போடும் முட்டை அதற்குத்தான் போகும்.

9. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. பொங்கலன்று பாசத்தில் சர்க்கரைப் பொங்கலை வைத்துவிடுவார்கள், அதில் கிடக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். டீக்கடை பிஸ்கட்டில் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான்.

10. நேற்று வரை குதித்த குட்டி இன்று தட்டைப் பார்க்காமல் சுருண்டு, வாந்தியும் நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்குமாக இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மோர், சுக்கு என்று ஒரு ராத்திரியைப் போக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ, குரும்பாபேட்டில் இருக்கிற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். இது வராமலிருக்க ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அதை விட்டுவிடவே கூடாது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

11. ஒரு நோட்டுப் போட்டு வாரம் ஒரு முறை எடையை எழுதுங்கள். எடை நிற்பதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நோட்டில் தெரியும். வெள்ளத்தில் வந்த இரண்டுக்கும் என் பேத்தி இன்றும் எழுதுகிறாள். பழைய மளிகைக்கடைத் தராசு ஒன்று என் திண்ணையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியைக் கொண்டுவாருங்கள், சாப்பாடு வைப்பதற்கு முன்பே வாருங்கள்.