பிடிக்குள் இருக்கும் இரும்பு

கத்தி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கட்டைவிரலை அதன் வாயில் வைத்துக் கூர் பார்க்கிறார்கள். அதை விடுங்கள். கூரை எந்தக் கத்திக்கும் ஏற்றிக்கொள்ளலாம், தெருவில் சாணைக்காரர் வந்தால் ஐந்து நிமிட வேலை. பிடிக்குள்ளே இரும்பு எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு அகலத்தில் போகிறது என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வெங்காயம் நறுக்கும் கத்தியைப் பற்றி நான் பேசவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே போய்த் தங்கினால், உண்ணிப் புதரை வெட்டி வழி எடுப்பதிலிருந்து ராத்திரி அடுப்பு மூட்டுவது வரை இடுப்பில் இருக்கிற கத்திதான் எல்லாம். மடக்குக் கத்தி அங்கே சரிப்படாது, மடங்குகிற இடத்தில்தான் முதலில் ஆட்டம் காணும். நீங்களும் இப்படி ஓர் இடத்துக்குத்தான் கத்தி தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அடைமழையில் வெளியே கிடக்கும் விறகு மேலே ஊறியிருக்கும், நடுவே காய்ந்திருக்கும். அந்த நடுவை எடுக்க வேண்டும். கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கத்தியின் வாயை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் நார் பிரிந்து பிளக்கும். கோடாரி சுமந்து போகாதவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். எனக்குக் கத்தி விற்றவர்களின் விளம்பரப் படத்திலும் இதையேதான் காட்டியிருந்தார்கள். தாடி வைத்த ஒருவர் தொடை தடிமனுள்ள கட்டையைப் பிளந்து தள்ளுகிறார்.

நான் பிளந்தது கணுக்கால் தடிமன்கூட இல்லாத சில்வர் ஓக். முதல் கட்டை பிளந்தது. இரண்டாவதில் பாதி இறங்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். அலகு கட்டையிலேயே நின்றது, பிடி மட்டும் கையோடு வந்தது. அழுத்திக்கொண்டிருந்த வேகத்தில் கை நேரே கீழே போனது. முறிந்த முனை பெருவிரலுக்கு அடியில் கிழித்துவிட்டது. அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்து, காலையில் வத்தலக்குண்டுக்கு இறங்கித் தையல் போட்டேன்.

பிடியை உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளியே உள்ளங்கையை நிறைக்கும் கறுப்பு ரப்பர். உள்ளே சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு வால், அதுவும் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிட்டது. மீதி முழுக்கப் பிளாஸ்டிக். விளம்பரத்தில் 'ஃபுல் டேங்' என்று போட்டிருந்தார்கள். அலகின் அதே அகலத்தில், அதே கனத்தில் இரும்பு பிடியின் கடைசிவரை போனால்தான் அது ஃபுல் டேங். அப்படிப்பட்ட கத்தியில் பிடியின் இரண்டு பக்கக் கட்டைகளுக்கும் நடுவே இரும்பு விளிம்பு சுற்றிலும் வெளியே தெரியும். அது கண்ணுக்குத் தெரியாமல் ரப்பர் மூடியிருந்தால், எடுத்த எடுப்பில் நம்பாதீர்கள்.

வால் ஒல்லியாக இருப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942ல், அமெரிக்க மரீன் படை ஏற்றுக்கொண்ட கா-பார் கத்திக்கு ஒல்லி வால்தான். ஆனால் அது தோல் வளையங்களை ஊடுருவிப் பிடியின் கடைசியில் உள்ள இரும்புத் தொப்பிவரை போய் அங்கே பூட்டப்பட்டிருக்கும். நேபாளத்துக் குக்ரியில் பலவும் ஒல்லி வாலைப் பிசின் வைத்து இறுக்கியவைதான், அவை ஆயுசுக்கும் உழைக்கின்றன. நம் ஊர் அரிவாளிலும் அப்படித்தான் வாலைப் பிடிக்குள் இறக்கிப் பூண் போட்டு இறுக்குகிறார்கள். வால் அலகோடு சேரும் தோள்பட்டை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மூலையை வளைவாகக் குடைந்திருந்தால் அடியின் வேகம் பரவிப் போகும். சதுர மூலையாக நறுக்கியிருந்தால் ஒவ்வொரு அடியும் அந்த ஒரே புள்ளியில் வந்து இறங்கும். என் கத்தியில் மூலைமட்டம் வைத்து வெட்டியதுபோல் அத்தனை சதுரம்.

முறிந்த துண்டுகளைத் திருப்பாச்சேத்திக்கு எடுத்துப் போனேன். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கும் ஊர், அரிவாளுக்குப் பேர்போனது. பட்டறையில் இருந்த பெரியவர் துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த முகத்தில் முக்கால்வாசி வெள்ளையாக, சீனி கொட்டினதுபோல் பரல் பரலாக மின்னியது. மூலையை ஒட்டிப் பிறை வடிவில் ஓரிடம் மட்டும் கறுத்திருந்தது.

"இது நீங்க ஒடச்சது இல்ல தம்பி. ஒலையிலயே விட்ட விரிசல். உள்ள தீக்கறுப்பு ஏறியிருக்கு பாருங்க" என்றார்.

அடித்தபோது புதிதாக விட்ட முறிவாக இருந்தால் முகம் முழுக்க ஒரே நிறமாக இருக்கும். கறுப்பு இருக்கிறது என்றால், காய்ச்சிய இரும்பைத் தோய்ச்சல் போடும்போதே விரிசல் விட்டு, மறுபடி சூடு காட்டும்போது காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது. பரல் பெரிதாக இருப்பது இரும்பை அளவுக்குமேல் காய்ச்சியதன் அடையாளம். நல்ல தோய்ச்சலில் முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருக்குமாம். விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "கத்தி வெட்டுவதற்கு, அடிப்பதற்கு அல்ல. தவறான உபயோகத்துக்கு உத்தரவாதம் கிடையாது" என்று பதில் வந்தது. அவர்களுடைய தாடிக்காரரின் படத்தையே திருப்பி அனுப்பினேன். அதற்கு அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள்.

என் மச்சினன் வேறு. "நான் அப்பவே அரிவாளை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன்ல மாமா?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதர் வெட்டவும் கொப்பு கழிக்கவும் அரிவாளை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைந்த மூக்கை வைத்துக் கட்டையை நேராகப் பிளக்க முடியாது. கூடார முளை சீவ முடியாது, கயிற்று முடிச்சில் முனையை விட்டு நெம்ப முடியாது. சொன்னவர் வைத்திருப்பது என்ன தெரியுமா? பிடி குழாயாகவும் அதன் மூடியில் திசைகாட்டியாகவும் இருக்கிற கத்தி. 1982ல் ராம்போவின் முதல் படம் வந்ததிலிருந்து உலகம் முழுக்க மலிவு விலையில் நகல் எடுக்கிறார்கள். அதில் வால் என்று ஒன்று கிடையாது. அலகைக் குழாயின் வாயில் செருகித் திருகாணி போட்டிருப்பார்கள். முதுகில் ரம்பப் பல் வேறு. அந்தப் பல்லால் மரம் அறுபடாது, கட்டையால் தட்டும்போது மட்டும் தட்டுகிற கட்டையைப் பிய்த்துப் போடும்.

இரும்பு எது என்பதற்கு வருகிறேன். துருப்பிடிக்காது என்பதற்காக ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொல்லுவார்கள். மலிவான கத்திகளில் வரும் 420 வகையில் கரி குறைவு, வாய் சீக்கிரம் மடங்கும். டி2 என்று ஒன்றைப் பெருமையாக விற்கிறார்கள். அதில் கரி 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கூர் நிற்கும், ஆனால் மூங்கில் கணுவில் ஓங்கிப் போட்டால் பல் விழும். முரட்டு வேலைக்கு ஸ்பிரிங் இரும்புதான் என் கட்சி. லாரி ஸ்பிரிங் பட்டையில் கரி 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வளைந்து கொடுத்து மீள்வதற்கென்றே செய்த இரும்பு அது. வெளிநாட்டில் 5160 என்று எண் போட்டு விற்பதும் இந்த இனம்தான். கடினம் ராக்வெல் அளவில் 56, 57 போதும். 60க்கு மேல் என்று பீற்றிக்கொள்ளும் கத்தியைச் சமையலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரிடமே செய்யச் சொன்னேன். பெயர், முகவரி, எதற்கு என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "அருவான்னா நாளைக்கே வாங்கிட்டுப் போங்க. இதென்ன, மூக்கும் இல்லாம முழியும் இல்லாம?" என்று சலித்துக்கொண்டார். ஆறு அங்குல அலகு, முதுகில் ஐந்து மில்லிமீட்டர் கனம், அதே பட்டை பிடியின் கடைசிவரை, இரண்டு பக்கமும் பூவரசங்கட்டை வைத்து மூன்று பித்தளை ஆணி. வாய்க்குப் பக்கத்துக்கு இருபது டிகிரிக்குக் குறையாமல் சாய்வு. அலகு பிடியைச் சந்திக்கும் இடத்தை வளைவாகத் தேய்த்துத் தரச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். பார்க்க லட்சணமாக இல்லை, சம்மட்டித் தடம் அப்படியே தெரிகிறது. மச்சினன் சிரித்தார். அதற்கப்புறம் அது பிளந்த விறகில் அவரும் டீ குடித்தார்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. இந்த இரும்பு மழையில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தோல் உறைக்குள் போட்டே வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், வீடு, விவசாயம் போன்றவற்றுக்கென்று செய்தவை தவிர, மற்றவை ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. ஆறு அங்குலம் என்று நான் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு போகக்கூடாது என்று 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. கொடைக்கானல் சரணாலய எல்லை பக்கத்திலேயே இருப்பதால், தோட்டத்தைத் தாண்டி நடக்கும்போது கத்தியைக் கொட்டகையிலேயே வைத்துவிடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் இணையத்தில்தான் வாங்குவேன் என்றால் வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில்லைத் தொலைக்காதீர்கள், முறிந்தால் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கறுத்த முகம் தெரிகிற அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மதுரையில் நான் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள்.