திரைவழி மனநல ஆலோசனையா? முதல் அமர்வுக்கு முன்…

ஆலோசகரின் தகுதியைக் கேட்கத் தயங்காதீர்கள். 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிட முடிகிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நம் வீடுகளில் தனிமை கிடைப்பதுதான் பெரும்பாடு. ஹெட்போன் அவசியம். அறை இல்லாவிட்டால் மொட்டை மாடியோ, நிறுத்திவைத்த காரோ போதும். பேச்சு பதிவாகிறதா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள், இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் முகவரியையும் நெருங்கிய ஒருவரின் எண்ணையும் கொடுத்துவையுங்கள். ஆலோசகர் வேறு ஊரில் இருக்கலாம். அவசரத்தில் உங்களுக்கு உதவி அனுப்ப அவருக்கு அந்த விவரங்கள் வேண்டும்.

சில அமர்வுகளுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையா? அவரிடமே சொல்லுங்கள். ஆளை மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐ உடனே அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.