இசைத்தட்டும் நாகசுரமும்

கண்ணாற் கண்ட வடிவத்தைக் கல்லிற் செதுக்கி வைக்கலாம். சுவரில் ஓவியமாகத் தீட்டி வைக்கலாம். செவியாற் கேட்ட இசையை அவ்வாறு வைத்துக் காத்தல் அரிது. அது தோன்றிய கணத்திலேயே தேய்ந்து மறையும் இயல்பினது. ஆதலின், இசையைப் பின்வருவோர்க்கு எவ்வாறேனும் விட்டுச் செல்லவேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளது. கொங்கு நாட்டில் இதற்குப் பழையதொரு சான்று உண்டு. ஈரோட்டை அடுத்த அறச்சலூரில், குன்றின் மேலுள்ள குகையொன்றின் பாறையில், தகர வரிசை எழுத்துகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் வெட்டப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படிப்பினும், மேலிருந்து கீழாகப் படிப்பினும் அவை ஒரே வகையாக அமையும். அவை ஆடலுக்கும் தாளத்திற்கும் உரிய சொற்கட்டுகள் என்றும், ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முற்பட்டவை என்றும் அறிஞர் கூறுவர். அவற்றைக் கோத்தமைத்த தேவன் சாத்தன் என்பானின் பெயரும் அப்பாறையிலேயே உள்ளது. எனினும், கல் எழுத்தைக் காத்ததேயன்றி ஓசையைக் காத்திலது. அச்சொற்கட்டினை முழக்கிய கை எத்தகையது, அம்முழக்கைக் கேட்டோர் எங்ஙனம் மகிழ்ந்தனர் என்பவற்றை அக்கல் நமக்குச் சொல்வதில்லை.

ஓசையையே பதித்து, மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை அமெரிக்க அறிஞர் எடிசன் 1877ஆம் ஆண்டில் அமைத்தார். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்திய நாட்டு இசை தட்டுகளிற் பதிக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே தமிழிசைவாணர் பலருடைய பாடல்கள் தட்டுகளாக வெளிவந்தன. அவ்வாறு பெரும்புகழ் எய்தியோருள் ஒருவர் கோயமுத்தூர்த் தாயி என்னும் அம்மையார் ஆவர். அவர் 1917ஆம் ஆண்டில் மறைந்தார். ஆயினும் அவர் குரல் இன்றும் ஒலிக்கின்றது. பாட்டைத் தொடர்ந்து கருவியிசையும் தட்டேறிற்று. அங்ஙனம் தட்டேறிய கருவிகளுள் சிற்றூர் மக்களின் உள்ளத்தை முழுதும் கவர்ந்தது நாகசுரமே.

நாகசுரம் துளைக்கருவி வகையைச் சார்ந்தது. இதன் உடற்பகுதியாகிய உலவினைப் பழைய ஆச்சா மரத்தாற் கடைவர். விரல் வைத்து வாசித்தற்குரிய துளைகள் ஏழு. அடிப்பாகத்தில் உள்ள துளைகள் ஐந்து. அணசு என்னும் வாய்ப்புறம் உலவின் அடியில் பூவிதழ்போல விரிந்திருக்கும். மேல்முனையில் சீவாளி பொருத்தப்படும். ஆற்றங்கரையில் விளையும் நாணல்வகைத் தட்டையைப் பதப்படுத்திச் சீவாளி செய்வர். உலவு எத்துணை உயர்ந்ததாயினும், சீவாளியும் மூச்சும் இசைந்தாலன்றி நாதம் பிறவாது. குடந்தைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை இக்கருவி செய்வதற்குப் பேர்பெற்ற ஊர். அவ்வூர் நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. நாகசுரத்திற்கு இணைபிரியாத் துணை தவில். பலாமரத்தைக் குடைந்து செய்யப்பெறும் அதனை, ஒரு புறம் கழியாலும் மறுபுறம் கூடு அணிந்த விரல்களாலும் முழக்குவர்.

இக்கருவிக்கு நாடெங்கும் பெருமை தேடித் தந்தவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. அவர் 1898ஆம் ஆண்டில் பிறந்து 1956ஆம் ஆண்டில் மறைந்தவர். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நாடு விடுதலை பெற்ற வேளையில், தில்லியில் அவருடைய நாகசுரம் மங்கலமாக முழங்கிற்று. தோடி இராகத்தை அவர் விரித்து வாசிப்பதைக் கேட்க மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வர். திருவீதியுலாவில் அவர் மணிக்கணக்காக வாசித்த அவ்விராகம் இசைத்தட்டிலும் பதிக்கப்பெற்றது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுந்த இசையே அடங்கும். கடலைச் செம்பில் அடைப்பதை ஒத்த செயலே அது. ஆயினும் அச்செம்பு நீரும் சுவை குன்றாதிருந்தது.

கொங்கு நாட்டிற்கு இவ்விசை வந்து சேர்ந்த வழி ஒன்று உண்டு. நீலமலையில் பைக்காரா ஆற்றின் வீழ்ச்சியிலிருந்து 1932ஆம் ஆண்டில் மின்னாற்றல் பெறப்பட்டது. அம்மின்னாற்றலால் கோவையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நூற்பாலைகள் பெருகின. ஆலைச்சங்கு ஒலிக்கக் கேட்ட ஊர்களில் காலப்போக்கில் வானொலியும் ஒலிபெருக்கியும் ஒலிக்கலாயின. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டிலும், கோவை வானொலி நிலையம் 1966ஆம் ஆண்டிலும் தோன்றின. நாள்தோறும் விடியற்காலையில் வானொலி மங்கல இசையோடு தொடங்கும். அதனைக் கேட்டே ஏர் பூட்டியவரும், பால் கறந்தவரும், முதல் முறை வேலைக்கு ஆலை நோக்கி நடந்தவரும் பலர்.

திருமண வீட்டிலோ இதன் ஆட்சி இன்னும் பெரிது. பந்தற்காலில் வாழை கட்டி முடியுமுன், 'மைக்செட்டு' என மக்கள் வழங்கும் ஒலிபெருக்கிக் கருவிகள் வந்து இறங்கும். உயர்ந்த மரத்தின் மேல் ஊமத்தம்பூ வடிவிலான ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவர். வைகறையில் முதற்றட்டாக நாகசுரத்தைச் சுழலவிடுவர். தோட்டங்களைக் கடந்து அடுத்த ஊர்வரை அவ்வோசை செல்லும். இன்னார் வீட்டில் இன்று கலியாணம் என்பதை அவ்வோசையே அறிவித்துவிடும். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எசு. ஜானகியின் குரலும் போட்டியிட்டு இணைந்தன. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரைச் சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறந்தாரின் வாசிப்பு இடம்பெற்றது. இவை தட்டுகளாய் ஊர்தோறும் ஒலித்தன. பின்னர் ஒலிநாடாப் பேழைகளின் காலம் வந்தது. அப்போது கொங்கு மண்ணின் மைந்தராகிய நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் மங்கல இசை இல்லங்களிலும் கோயில்களிலும் நிறைந்தது. அவருக்கு 1981ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2001ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இன்று முதியோர் ஒருவர் அப்பழைய தட்டிசையை எங்கேனும் கேட்பாராயின், சற்றே நின்றுவிடுவார். இராகத்தின் பெயரை அவர் அறியாதிருத்தல் கூடும். எனினும், தம் தமக்கையின் திருமண நாளும், பந்தலின் தென்னங்கீற்று மணமும், மறைந்துபோன உறவினர் முகங்களும் அவருடைய நெஞ்சில் ஒருங்கே எழும். சொல்லுடைய பாட்டு தன் பொருளையே பெரும்பாலும் நினைவூட்டும். சொல்லில்லாத கருவியிசையோ கேட்பவர் தம் வாழ்வையே பொருளாக நிரப்பிக்கொள்ள இடந்தரும். பழைய கருவியிசையின்பால் மக்கள் கொண்ட பற்றிற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

இசைத்தட்டு செய்த நன்மை சிறிதன்று. பெருஞ்செல்வர் வீட்டுத் திருமணத்திலும் பெருங்கோயில் விழாவிலுமே கேட்டற்கு உரியதாயிருந்த பெருவித்துவானின் வாசிப்பை, அது ஏழை உழவனின் வாயிலுக்குக் கொண்டுவந்தது. இன்னார் கேட்கலாம், இன்னார் எட்ட நிற்கவேண்டும் என்னும் தடையை மரத்தின் மேலிருந்த குழாய் அறியாது. அழிந்துபோகக்கூடிய கலைகளையும் பதிவு காத்தது. உடுக்கை முழக்கத்தோடு இரவிரவாகப் பாடப்பெறும் அண்ணன்மார் கதையை, காங்கயப் பகுதியில் பிரெண்டா பெக் என்னும் அறிஞர் 1965ஆம் ஆண்டில் ஒலிநாடாவிற் பதிந்தார். பின்னர் அது நூலாகவும் வெளிவந்தது.

ஆயினும் பதிவு செய்யமாட்டாத செயல்களும் உள. மணமகன் மங்கலநாண் பூட்டும் நொடியில் கெட்டிமேளம் கொட்டுதல் மரபு. அந்நொடியில் தீய ஓசை எதுவும் மணமக்கள் செவியில் விழலாகாது என்பது அதன் கருத்து. பெரியவர் ஒருவர் விரலை உயர்த்துவார். தவிற்காரர் கண் அவ்விரலின் மேலேயே இருக்கும். விரல் அசைந்த அக்கணமே முழக்கம் எழும். தட்டிற்குக் கண் இல்லை. மணமகன் கை சற்றுத் தாழ்த்தாலும், முடிச்சு இடச் சற்றுப் பொழுதானாலும் அது காத்திராது. மேலும், கோயிலில் காலைக்கு ஓர் இராகம், இரவுக்கு ஓர் இராகம், தெய்வம் புறப்படும்போது மல்லாரி என வாசிப்பு முறைகள் உண்டு. தேர் நின்றால் இராகம் நீளும். தேர் நகர்ந்தால் நடை மாறும். கேட்போர் தலையசைத்தால் வித்துவான் அவ்விடத்தையே மீண்டும் வேறு வகையில் அழகு செய்வார். இத்தகைய வாசிப்பு, கேட்பவரும் வாசிப்பவரும் கூடி அப்பொழுதே படைப்பதாகும்.

இவ்வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த தீங்கு ஒன்று உண்டு. பதிந்த இசை எளிதிற் கிடைத்தமையால், பல வீடுகளில் வாசிப்போரை அழைக்கும் வழக்கம் குறைந்தது. ஒரு மேளக்குழுவில் நாகசுரம் இருவர், தவில் இருவர், தாளமும் சுருதியும் போட இருவர் என அறுவர் பிழைப்பர். அவர்க்கு ஒரு முகூர்த்தம் தவறினால் அறுவர் இல்லத்திலும் அடுப்பு சோரும். தந்தைக்கு ஊதியம் இல்லையேல் மைந்தன் சீவாளியைக் கையில் எடான். நாகசுரத்தை நினைந்து உருகுவோரே, தம் இல்லத் திருமணத்திற்கு அதனை அழையாதிருத்தல் பொருத்தமன்று. வேரில் நீர் விடாது, சென்ற ஆண்டுப் பூவின் மணத்தை வியந்திருப்பதை ஒக்கும் அது.

கலை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லும் வழி அருகிருத்தலே. காருகுறிச்சி அருணாசலம் இராஜரத்தினம் பிள்ளையின் மாணாக்கராய், அவருடன் அமர்ந்து வாசித்துத் தேர்ந்தவர். மூச்சை எங்கே அடக்குவது, சீவாளியை உதடு எங்ஙனம் தழுவுவது என்பவற்றை அருகிருந்தே அறிதல் வேண்டும். தட்டினைக் கேட்டு இராகத்தின் வடிவை உணரலாம். வாசிக்கும் வன்மையைப் பெறுதற்கோ ஆசிரியர் தேவை. ஈரோட்டில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியிலும், பழனியில் திருக்கோயில் சார்பில் நடைபெறும் பள்ளியிலும் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. அங்குக் கற்று வெளிவரும் இளைஞர்க்குக் கேட்போரும் வேண்டும். வாழ வழியும் வேண்டும்.

மாணவர்களே! பழைய தட்டுகள் உங்கள் இல்லத்தில் இருப்பின் அவற்றைப் போற்றிக் காப்பீர்களாக. பாட்டனார் அவற்றைப் பற்றிச் சொல்லும் செய்திகளையும் குறித்து வையுங்கள். அதனோடு நின்றுவிடாது, பேரூரிலோ அவிநாசியிலோ விழாக் காலத்தில் நாகசுரம் ஒலிக்குமிடத்தில் விரைந்து கடந்து போகாமல் நின்று கேளுங்கள். வாசிப்பவர் பெயரைக் கேட்டறிந்து, நன்கு வாசித்தமைக்கு ஒரு நற்சொல் கூறுங்கள். அறச்சலூர்ப் பாறை எழுத்தைத் தந்தது. இசைத்தட்டு ஓசையைத் தந்தது. கலையை உயிரோடு அடுத்த தலைமுறைக்குத் தருதல், இன்று அதனைக் கேட்கும் செவிகளின் கடமையாகும்.