தன்மதிப்பும் சமாளிக்கும் விதமும்

நம் குடியிருப்பில் ஒரு பையன் பத்தாம் வகுப்பு ஹிந்தியில் தவறிவிட்டான். தகப்பனாரின் மாற்றலால் இங்கு வந்து இரண்டே வருடம். "நான் எதற்கும் லாயக்கில்லை தாத்தா" என்றான்.

தன்மதிப்பு குலைவது என்று உளவியலார் சொல்வது இதைத்தான். அதை அளக்க மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் பத்தே வாக்கியங்கள் வகுத்தார். (பாலத்தின் தாங்குதிறனை அளப்பது இதைவிடச் சுலபம்!) நன்னம்பிக்கையை அளக்க ஷையரும் கார்வரும் 1985-இல் ஓர் அளவுகோல் தந்தனர். அதில் மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் தன்மதிப்பிலும் மேலே இருக்கிறார்கள். எது எஞ்சின், எது பெட்டி? ஒன்றையொன்று இழுக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டுக்கும் நடுவே கொக்கியாக இருப்பது சமாளிக்கும் விதம். லாசரஸும் ஃபோக்மனும் 1984-இல் எழுதிய நூலில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். சிக்கலையே சரிசெய்ய முயல்வது ஒன்று. அதனால் வரும் மனவேதனையைத் தணிப்பது மற்றொன்று. நன்னம்பிக்கை உள்ளவர், கை வைத்தால் மாறக்கூடியதில் முதல் வழியைப் பிடிக்கிறார், மாறாததை ஏற்றுக்கொள்கிறார். ஒதுங்கி ஓடுவது குறைவு.

பையனை இதையே தாளில் பிரித்து எழுதச் சொன்னேன். அப்பாவின் மாற்றல் உத்தரவு ஒரு பக்கம். ஹிந்தி மறு பக்கம்; துணைத்தேர்வு இருக்கிறதே! தினமும் மாலை ஆறு மணிக்கு நோட்டுடன் வருகிறான். ஆண்பால், பெண்பாலில்தான் இன்னும் தடுமாறுகிறான். நானும்தான்.